யான்கோவின் அட்டை நாற்காலி

முலாஞ்சே,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் லிம்பிக்கானிக்கு அப்பா எழுதுவது,

நானும் உன் அம்மாவும் தங்கச்சி யான்கோவும் இங்கே கடவுள் புண்ணியத்தில் சுகம். நீயும் அங்கே சுகம் என்கிறாய், ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் சட்டைதான் புதுசாக இருக்கிறது, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, ஜோகன்னஸ்பர்க்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை நான் நம்பவில்லை. இங்கே மழை பரவாயில்லை, மக்காச்சோளம் கதிர் விட்டிருக்கிறது, புது மாவு வர இன்னும் நாளாகும், அதுவரை ஒரு வேளை சீமாக் களி, ஒரு வேளை பூசணிக் கீரை என்று ஓடுகிறது.

யான்கோவைப் பற்றி உன் அம்மா தனக்குத் தோதாக ஏதாவது சொல்லியிருப்பாள், நடந்ததை நான் எழுதுகிறேன். மழை தொடங்கியபோது உன் அம்மா ஃபைனஸ் செவ்வாய்க்கிழமை தோறும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கோ போக ஆரம்பித்தாள். தேயிலைக் கிடங்கு வாசலில் இத்தனை வருஷம் காவல் நின்றவன் நான், யார் எதை மறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கேட்டால் ஆஸ்பத்திரி என்றாள். மாத்திரை எங்கே, இல்லை. ஊசி, அதுவும் இல்லை. விளையாட வைக்கிறார்களாம். பிறக்கும்போதே மூச்சுத் திணறி, ஆறு வயதாகியும் கழுத்து நிற்காமல், கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு பாயில் கிடக்கிற பிள்ளையை விளையாட வைக்க ஓர் ஆஸ்பத்திரியா? பிறகு அங்கே விளையாட வைக்கிற பெண்ணே வீடு தேடி வந்தாள். பெயர் டெம்வா, வடக்குக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டாம். ஆக்குபேஷன் என்றால் வேலைதானே, இவளுக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். “சாப்பிடறது, சட்டை போட்டுக்கறது, விளையாடறது, இதெல்லாம்தான் பிள்ளைங்க வேலை அப்பா. அதை அவளே செய்யப் பழக்கறதுதான் என் வேலை” என்றாள். யார் ஊட்டுகிறார்கள், எப்படிப் பிடித்துக்கொண்டு ஊட்டுகிறோம், எதைக் கண்டால் சிரிப்பாள் என்று வீட்டு விஷயம் முழுக்கத் துருவினாள். அதோடு விட்டாளா, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, குதிகாலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் என்று அளந்தாள். நம் ஊரில் படுத்துக் கிடப்பவரை அப்படி அளப்பது சவப்பெட்டி செய்கிற தச்சன் ஒருவன்தான். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு எனெஸ், “லிம்பிக்கானி அப்பா, உயிரோட இருக்கிற புள்ளைய அளக்க விட்டுட்டு நிக்கிறீங்களே” என்றாள். நாடாவைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன், அந்தப் பெண்ணையும் போகச் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை, படுக்க வைத்து மட்டும் ஊட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவள் யார் எனக்குச் சொல்ல என்று, வழக்கம்போல மடியில் மல்லாத்திப் போட்டுத்தான் கஞ்சி ஊட்டினேன். அந்த வாரமே ஒரு நாள் புரையேறி, முகம் கறுத்து, கண் மேலே செருகிவிட்டது. ஃபைனஸ் பிள்ளையைப் பிடுங்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தட்டித்தான் மூச்சு வந்தது. அதன் பிறகு உன் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “நாடாவால அளந்து சாகல. நம்ம கையால ஊட்டித்தான் சாகப் பாத்தா.” மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது நான் தடுக்கவில்லை.

ஆனால் பழைய அட்டைப் பெட்டி வேண்டும், பசை காய்ச்ச ஒரு கிண்ணம் மாவு வேண்டும் என்று உன் அம்மா வந்து நின்றாளே, ஊரே மாவுக்கு ஏங்குகிற மாதத்தில்! மாவு யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க நானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அங்கே அம்மாக்கள் எல்லாரும் அட்டைமேல் அட்டையாக ஒட்டிக் காயவைக்கிறார்கள், காய்ந்தால் பலகை மாதிரி இறுகிவிடுகிறது, நான் ஏறி உட்கார்ந்தே பார்த்தேன். நாற்காலிதான் செய்கிறார்கள், அளந்ததும் அதற்குத்தான். பாதம் கீழே ஊன்ற வேண்டும், முதுகு சாய வேண்டும், கால் பின்னாமல் நடுவில் ஒரு கட்டை, முன்னால் தட்டு வைக்க ஒரு பலகை. வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் அதில் உட்காரவைத்தால் யான்கோ அழுவாள், நான் தூக்கப் போனால் உன் அம்மா விடமாட்டாள். ஊட்டவும் கூடாதாம், களியை உருட்டிக் கையில் வைத்து முழங்கையை மட்டும் தாங்க வேண்டுமாம். பாதி தரையில்தான் விழும். பசிக்கிற பிள்ளையைப் படுத்துகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். நேற்று மத்தியானம் யான்கோவின் பலகையிலேயே என் தட்டையும் வைத்து உசிபாப் பொடிமீன் தின்றுகொண்டிருந்தேன். தட்டு லேசாக அசைந்தது. பார்த்தால் அவள் வலது கை நடுங்கி நடுங்கி வந்து ஒரு மீனைப் பற்றியிருக்கிறது. கிடங்கில் யார் கை நீண்டாலும் பிடிப்பவன், மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை கன்னத்தில் இடித்து, பிறகு வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மென்றாள், விழுங்கினாள், புரையேறவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் கையை நீட்டினாள். தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டேன், வேறென்ன செய்ய.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அம்மாவின் காதில் ஓதியது நீதான் என்பது தெரியாமல் இல்லை, அவள் வாயிலிருந்தே வாங்கிவிட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, போகட்டும். இப்போது டெம்வா அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் என்கிறாள், வாத்தியாரிடம் பேசியாகிவிட்டதாம். ஓயாமல் தலையாட்டுகிற அந்த ஆள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. நானே போய் வாசலில் நாற்காலி நுழையுமா, பிள்ளையை எந்த மூலையில் போடப் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன்.

கடவுள் உன் கையையும் காலையும் உன் வேலையையும் காக்கட்டும், நல்ல மனிதர்களையே உன் வழியில் விடட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை போன் செய்தால் யான்கோவின் காதில் வைக்கச் சொல். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நீ சும்மா இரு. வெகுநேரம் ஒன்றும் கேட்காது, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அவள் உன் பேரைச் சொல்ல வாயைத் திறந்துகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன்மேல் ஒரு கண் வைத்தே இருக்கும் அப்பா,
வைசன் முலிவா