மரியாதை ஆட்டம்

லண்டன், 12-3-1952

அப்பாவுக்கு நெல்லைநாயகம் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முட்டுவலி தேவலையா?

ஸ்பெயினிலிருந்து தப்பி வந்த பாஸ்கு என்னும் தனி இனத்து மக்கள் எங்கள் அரங்கில் ஆடினார்கள். அவர்கள் மொழியை அங்கே அரசாங்கம் அடக்கி வைத்திருக்கிறது. அறிவிப்பாளன் நான். "ஸ்பானிய நடனம் என்றே சொல்" என்றார் மேலாளர். நானோ, "இது பாஸ்கு மக்களின் மரியாதை ஆட்டம். இதற்கு எழுந்து நிற்பது அவர்கள் வழக்கம்" என்று அறிவித்தேன். அரங்கமே எழுந்தது, மேலாளரும் எழ வேண்டியதாயிற்று.

வேலை போய்விட்டது, கவலை வேண்டாம். "அடுத்தவன் சண்டையில உனக்கென்னலே?" என்பீர்கள். நம் தமிழை இன்னொருவன் பேரில் அறிவித்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களா?

கோமதியம்மன் புற்றுமண் கொஞ்சம் அனுப்புங்கள். நெற்றி வெறுமையாக இருக்கிறது. ஒரு வேட்டியும் வேண்டும். மே மாதம் அந்த பாஸ்கு மக்கள் ஒரு பூங்காவில் ஆடுகிறார்கள், நான்தான் அறிவிக்கிறேன். நான் போட்டிருந்த கோட்டு அரங்கத்துடையது, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேட்டியிலேயே நின்று சொல்வேன்.

தபால்காரன் பெட்டியிலிருந்து தபால் எடுக்க வந்துவிட்டான்.

நெல்லைநாயகம்