மூட்டுக்கு ஒரு கன்று

மதுரை ஆஸ்பத்திரியில் கால் நீட்டிப் படுத்திருக்கும் என் துரைக்கு,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சேலைக்கு மேல் உங்கள் சட்டையைப் போட்டு, தலையில் உங்கள் துண்டையும் கட்டிக்கொண்டுதான் வயலுக்குப் போகிறேன். நேற்று பக்கத்து வயல் பாபநாசம் அண்ணாச்சி நீங்கள்தான் என்று நினைத்துப் பின்னாலிருந்து, "ஏலே கோமதிசங்கரு, எப்பலே வந்தே?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். திரும்பினேன். அவர் முகம் விழுந்துபோனது. "மீசை வைக்க மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஏத்தன் வாழைக் குலையெல்லாம் வெட்டியாயிற்று. உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை, அவ்வளவு அசதி.

"குலை வெட்டினதும் வாழையை மூட்டோட தோண்டிப் போட்டுரு, வயலைக் குத்தகைக்கு விட்ருவோம். அடுத்த குலையைப் பாக்க நான் இருக்கணும்லா" என்றீர்கள். தோண்டத்தான் கடப்பாரையோடு போனேன். ஒவ்வொரு வாழை மூட்டிலும், அடியைச் சுற்றி நாலைந்து கன்று நின்றது. மற்றதைக் குத்தி எடுத்துவிட்டு, மூட்டுக்கு ஒன்று விட்டுவிட்டேன். தாய்வாழை இனிக் குலை போடாது. ஆனாலும் பாதித் தண்டோடு நிற்கட்டும், அதன் சத்தைக் குடித்துக் கன்று வளரும்.

அது குலை தள்ளப் பத்து மாதமாவது ஆகும். பாரத்தில் சாயாமல் கம்பு முட்டுக்கொடுக்க எனக்கு உயரம் காணாது. ஆகையால் கட்டி கரையக் கரண்ட் வைக்கக் கூப்பிட்டால் முரண்டு பண்ணாமல் போய்ப் படுங்கள்.

கிணற்றடிக் கன்றுதான் எல்லாவற்றிலும் வாளிப்பு. இன்று காலை ஒரு ஆடு அதைக் குருத்தோடு தின்றுவிட்டது. ஆட்டுக்காரரைத் தெருத்தெருவாக ஏசிவிட்டு வந்தேன். நம் ஆடுதான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி