கொள்ளு பரப்பிய வளைவு

அன்புள்ள மகள் ரூபாவுக்கு அம்மா செங்கம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். அந்த அயர்லாந்துக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க நாகலாபுரம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். நேற்று நீ போன் செய்தபோது பால் கறக்கவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன், மாடு சினையாக இருக்கிறது, பாலே கிடையாது, இதைக்கூட யோசிக்காமல் பொய் சொன்னேன். போனில் சொன்னால் நான் அழுவேன், நீ கத்துவாய், ஒன்றும் விளங்காது. அதனால்தான் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது அந்த மெல்லிய சக்கர சைக்கிளில் நீ சுற்றாத வழி இல்லை. ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், அங்கே மெயின் ரோட்டை விட்டு மாந்தோப்புக்குள் நுழைந்து, நம் ஊர் ஏரிக்கரைமேல் ஏறி பிச்சாட்டூர் பக்கம் இறங்கி, நாராயணவனம் வழியாகப் புத்தூர் ஸ்டேஷன் என்று போன் மேப்பில் ஒரு கோடு போட்டாயே. லாரி கிடையாது, ஹாரன் கிடையாது, குறுக்கே வந்தால் மயில்தான் வரும் என்று எழுதிப் போனில் போட்டாய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்னைப் பிள்ளைகள் வண்ண வண்ணச் சட்டையில் வருகிறார்கள். உன் நைனா பம்புசெட் பக்கத்தில் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார், உன் பெயரைச் சொல்லிவிட்டால் காசே வாங்கமாட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தை மாதம் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்புவோம், நடு ரோட்டில் பரப்பினாலும் இடது ஓரத்தில் இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு முழம் வழி விடுவோம், அந்த வழியைப் பிடித்துப் போனால் பயமில்லை என்று நீ அதிலேயே எழுதியிருந்தாயாம். அது உண்மைதான், உன் தாத்தா காலத்து வழக்கம், யாரும் மீறினது கிடையாது.

இந்த வருஷம் மீறிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, காய்ந்த செடியில் மழை பட்டால் கொள்ளு அங்கேயே முளைத்துவிடும், ஒரு வருஷப் பாடு மண்ணோடு போகும். கார்க்காரர்கள் வேறு வண்டி கெட்டுவிடும் என்று பாதிச் சக்கரத்தை அந்த ஒரு முழ வழியில் விட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள், செடி மிதிபடவே இல்லை. அந்த ஆத்திரத்தில் ஏரிக்கரைக் கல்லைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து வழியை மறித்தாயிற்று. காலையில் எடுத்துவிடலாம் என்ற எண்ணம். ராத்திரி அடித்த காற்றில் செடி பறந்து கல்லை மூடிவிட்டது, விடிந்தால் ஆள் முகம் தெரியாத பனி. ஏரிக்கரை வளைவில் முதலாவதாக வந்தது வேதா என்கிற பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். நீ எழுதியதை நம்பி இடது ஓரம் பிடித்து வேகமாக வந்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் ஓடினேன் ரூபா. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்து கிடந்தது, சைக்கிள் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்சில் உன் நைனாதான் கூட ஏறினார், வடமாலபேட்டை தாண்டும்வரை அவள் அம்மா அம்மா என்று முனகினாளாம், அப்புறம் அதுவும் இல்லையாம். திருப்பதி ஆஸ்பத்திரியில் தலையில் ஆபரேஷன் ஆயிற்று, இன்னும் கண் திறக்கவில்லை. இரண்டு நாள் போகட்டும் என்று டாக்டர் சொல்வதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். அவளுடைய அம்மா சென்னையிலிருந்து வந்துவிட்டாள், உன் நைனா திரும்பி வராமல் அவளோடேயே இருக்கிறார். அந்த அம்மா இவரை அண்ணா என்று கூப்பிட்டு, யாருண்ணா கல்லை வெச்சது என்று கேட்கிறாளாம். இவர் டீ வாங்க எழுந்து போய்விடுகிறாராம்.

நீ நேற்று போனில் கத்தினாயே, வருஷா வருஷம் விடுகிற வழியை மறித்தவன் எவன், அவனைப் பிடித்து உள்ளே போடவேண்டும், வெளியே விடவே கூடாது என்று. நீ கத்தியதில் ஒரு தப்பும் இல்லை. நீ எழுதியதை நம்பி ஒருத்தி விழுந்தாள் என்று உனக்கு எரிகிறது, எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று உனக்குத் தெரியாது. மறித்தது உன் மாமன். என் கூடப் பிறந்த முனிகிருஷ்ணன். உன்னை மடியில் வைத்துக் காது குத்தினபோது உன்னைவிட அதிகமாக அழுதவன்.

அந்தப் பெண் விழுந்ததைப் பார்த்ததும் அவன் ஓடிவிட்டான். நம் பம்புசெட் ரூமில்தான் இருக்கிறான், வைத்திருப்பது நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் முழு ஆளையே மறைத்திருக்கிறேன். எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஈ உலவலு எவரிவம்மா, இந்தக் கொள்ளு யாருடையது என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாக்குக் கூசாமல் எனக்குத் தெரியாது சார் என்றேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிறது சும்மாவா. ஊரிலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உன் நைனா தினமும் போன் செய்கிறார், உன் தம்பி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு கொண்டுபோனால் முனிகிருஷ்ணன் தொடமாட்டான், கதவைத் திறந்ததும், பொண்ணு கண்ணு தெறந்துச்சாக்கா என்பான், இல்லை என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். வழியத்தான் மறிச்சேன்க்கா, ஆளு உழுவும்னு நெனைக்கலயே என்று அவன் சொன்னபோது ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை வந்தது. அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு வந்தேன். என்ன பிறவி என்று என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்றைக்குக் கமலம்மாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வளைவை ஒட்டினாற்போல் இருக்கிற நிலம் அவளுடையது, ரோட்டில் கிடந்த கொள்ளும் அவளுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். புருஷனை இழந்து, தனியாக ஏர் பிடிக்க ஆள் தேடி அலைகிறவள். காலையில் போனவளைச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அவன் கல்லை அடுக்கும்போது, ஒரு முழம் உட்றா முனிகிருஷ்ணா என்று திட்டியவளே அவள்தான். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள், பெயர் சொல்லாவிட்டால் கேஸ் அவள்மேல்தானாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு வந்தாள். என்னைச் சபிக்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உன் தம்பி ஏதாச்சும் துன்னானா என்று கேட்டாள். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் போனதும் நான் பம்புசெட்டுக்குப் போனேன், சோறு எடுத்துப்போகவில்லை. கமலம்மாவைப் பற்றிச் சொன்னேன். இதுக்குமேல் உன்னை வைத்திருந்தால் நான் அக்கா இல்லை, அவள் தலையில் உன் கல்லைத் தூக்கி வைத்தவள் ஆவேன் என்றேன். நினைத்ததற்கு மாறாக அவன் அழவில்லை. நாளைக்கே போறேன்க்கா என்றான். வாசல்வரை வந்தவன் நின்று, ரூபாவுக்கு நீயே சொல்லிடு, வேற யாராச்சும் சொல்லி அதுக்குத் தெரிய வேணாம் என்றான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் நான் அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன், கமலம்மா அந்தப் பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் நாங்கள் போயிருக்கவேண்டும். அப்புறம் அங்கிருந்தே திருப்பதிக்குப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவை நான் பார்க்கவேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

நீ மேப்பில் போட்ட அந்த வழிக்கோட்டை அழித்துவிடச் சொல்லி ஊரில் எல்லோரும் என்னை நச்சரிக்கிறார்கள். அழிக்காதே. தை, மாசி இரண்டு மாதமும் எங்கள் ஊர்ப்பக்கம் வராதீர்கள், மற்ற மாதத்திலும் ஏரிக்கரை வளைவில் இறங்கி நடங்கள் என்று மாற்றி எழுது, இன்றைக்கே எழுது, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் பிள்ளைகள் கிளம்பியிருப்பார்கள். நீயும் அங்கே மழையில் வேகமாக ஓட்டாதே, தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போட்டுக்கொள், உனக்குப் பழக்கமான வழியாக இருந்தாலும் நேற்று இருந்ததுபோல் இன்றைக்கும் இருக்கும் என்று நம்பாதே. வேதாவுக்காக ஒரு விளக்கு ஏற்று. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு, நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் பஸ் ஏறும்போது உனக்கு அங்கே நடு ராத்திரியாக இருக்கும், ஆனாலும் எழுந்து என் நம்பருக்கு ஒரு போன் பண்ணு, நான் அவன் கையில் கொடுக்கிறேன். திட்டவேண்டும் என்று தோன்றினால் நன்றாகத் திட்டு, தடுக்கமாட்டேன். முதலில் மாமா என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. செங்கம்மா