கடைசி ஆள் விடும்வரை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

இன்றும் மேனேஜரோடு சண்டை. கிரேன்களுக்கு நாங்கள் செய்யும் திரையில் கேபிளைப் பிடுங்கினால் மொத்த சிஸ்டமும் உறைந்துவிடுகிறது. சிஸ்டத்தின் அடித்தளமான கர்னலில் இருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர், கேபிள் போனதும் படம் வைத்திருக்கும் மெமரியை உடனே அழித்துவிடுகிறது. அந்த நேரம் இன்னொரு புரோகிராம் அதையே படித்துக்கொண்டிருப்பதால்தான் உறைகிறது.

"அரை செகண்ட் கழிச்சு அழிக்கச் சொல்லு. நாளைக்கு அனுப்பணும், பேஜாரு பண்ணாத" என்றார்.

"அதுக்கு மேலயும் ஒரு புரோகிராம் மெமரியைப் புடிச்சிக்கினு இருந்தா இன்னா சார் பண்றது? ஸ்கிரீன் உறையற நேரம் கிரேன் லோடுக்குக் கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மெமரியை எடுக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, விட்டதும் ஒன்று கழித்து, பூஜ்யம் வந்தால் மட்டும் அழிக்கும்படி எழுதினேன்.

சாயங்காலம் டெஸ்டிங் மலரக்கா இரண்டு வழியையும் போட்டு, மேனேஜர் எதிரிலேயே கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். மேனேஜருடைய அரை செகண்ட் வழி முப்பதாவது தடவை பிடுங்கியபோது உறைந்தது. என்னுடையது இருநூறு தாண்டியும் ஓடியது.

"முழுசா டெஸ்ட் பண்ண இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றார் அக்கா.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சரி, பண்ணுங்க. ஆனா லேட்டானதுக்கு ரிப்போர்ட்ல உன் பேரைத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க சார். இனிஷியலோட எழுதுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.