சிவப்பு வட்டத்தில் சந்தனம்

செவ்வாய், 4
காலையில் தூறல். மூன்றாம் நம்பர் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி.

முதலாளி ஜெட் விமானம் வாங்கியேவிட்டார். இருபத்திரண்டு வயதானது, ஏழு பேர் உட்காரலாம். இன்ஜின் இரண்டையும் பிரித்துக் கோத்திருக்கிறார்கள். முன்னால் முள் மீட்டர்களை எடுத்துவிட்டு டிவி மாதிரித் திரைகள். புதுப் பெயிண்ட், புதுத் தோல் சீட். அம்பத்தூர் கம்பெனியில் வண்டி இலாகா என்னுடையது, ஆகவே இதுவும் என் தலையில். ஆறு பஸ், இரண்டு ஃபோர்க்லிஃப்ட், ஒரு ஜெட்.

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாங்க: சக்கரக் கட்டை நான்கு. தீயணைப்பான். பைலட்டுகளுக்கு பிஸ்கட் (சர்க்கரை இல்லாதது).

இரவுச் சாப்பாட்டில் மனைவி விஜயா: "பழைய வண்டிதானே? இன்ஜினப் பிரிச்சு மாட்டிட்டா புதுசாயிடுமா?" எனக்கும் அதே சந்தேகம்தான். பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

புதன், 5
வெயில். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் டீக்கடையில் நம் ஆட்கள் இரண்டு பேர்.
"மொதலாளி பிளேன் வாங்கிகீறாரு மாமே."
"நம்ம பஸ்ஸு மழைல ஒயுவுது. அத்த இன்னா பண்றாராம்?"
என்னைப் பார்த்ததும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ் கூரைக்கு ஷீட் சொல்ல வேண்டும்.

விமானத்தை ஓட்டப்போகும் கேப்டன் ஷீலா வந்தார். நாற்பது வயது இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா வெல்டர். "பழசு நல்லதுதான் சார். என்னென்ன நோவு வரும்னு ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும்" என்றார். பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை முதல் பயணம், கோவை. புது யூனிட் திறப்பு. போகிறவர்கள் முதலாளி (இனி மு.), அவர் மகள்.

வெள்ளி, 7
காலை ஏழரைக்கு மீனம்பாக்கத்தில் பூஜை. பூசணிக்காய் உடைக்க கேப்டன் விடவில்லை. துண்டு சிதறினால் இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வெளி கேட்டில் உடைத்தோம். சக்கரத்துக்கு எலுமிச்சை மட்டும் அனுமதி. கேப்டன் ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனார். ஐயர் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்தார்.

கதவில் ஒரு பொட்டு, மூக்கு நுனியில் ஒன்று. மூக்குக்குப் பின்னால் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு சின்ன வட்டம், பொட்டு வைப்பதற்கென்றே வரைந்துவிட்ட மாதிரி. அதிலும் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் நன்றாக இராதென்று அந்தப் பக்கமும். போட்டோ எடுத்த பிறகு, பெயிண்டில் கறை பிடிக்குமே என்று நானே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். கேப்டன் திரும்பி வந்தபோது எல்லாம் பளிச்.

மாலை ஆறு. ஐயப்பன்தாங்கல், வீடு. மு.வுக்கு அனுப்ப போட்டோ தேடினேன். இப்போது கண்ணாடி போட்டிருந்தேன். வட்டத்தைச் சுற்றிப் பொடி எழுத்து, ஆங்கிலத்தில்: துளைகளை அடைக்காதீர்கள்.

துளைகளா? பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டுக்கு அடியிலிருந்து குண்டூசித் தலை அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது.

துடைத்தாயிற்றே, போயிருக்கும் என்று அரைமணி நேரம் சும்மா இருந்தேன். அழுத்தித் துடைத்தால் சந்தனம் எந்தப் பக்கம் போகும்? உள்ளேதான். கேப்டனுக்கு போன் செய்தேன்.

"ரெண்டு பக்கமுமா சார்?"
"ரெண்டு பக்கமும்தான்."
பிறகு விளக்கினார்: "அந்தத் துளை வழியாத்தான் வெளிக்காத்து உள்ள வரும். அத வச்சுத்தான் எவ்ளோ உயரத்துல இருக்கோம்னு திரை காட்டும். அடைச்சிருந்தா மேல ஏறினாலும் தரையிலயே இருக்கிற மாதிரி காட்டும். நாளைக்கு வண்டி கெளம்பாது. மொதலாளிகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"
நானே சொல்வதாகச் சொன்னேன்.

மு.விடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "எம்பொண்ணும் வர்றாளே, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "சரி." வைத்துவிட்டார்.

இந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று விஜயாவைக் கேட்டேன். "வேல போச்சுன்னு அர்த்தம்" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே. பயமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் எவன் வேலை தருவான்.

சனி, 8
மேகமூட்டம். மு.வும் மகளும் விடியுமுன்பே காரில் கோவை போய்விட்டார்கள்.

பெங்களூரிலிருந்து இன்ஜினியர். துளைகளைச் சுத்தம் செய்து, மெஷின் மாட்டிக் காற்றழுத்தம் சோதித்து, மூன்று மணிக்குக் கையெழுத்து. கேப்டன் ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்டினார். காய்ந்த சந்தனம், அரிசிக் குறுணை மாதிரி எட்டு.

"நான் சொல்லாட்டி?" என்று கேட்டேன்.
"காலைல ஒரு சுத்து சுத்திப் பாப்பேன் சார். கண்டுபிடிச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."
நினைக்கிறாராம்.

விமானக் கொட்டகைச் சுவரில் நான் எழுதி ஒட்டியது:
பொட்டு வைக்கலாம்: கதவு, மூக்கு நுனி.
கூடாது: துளை, குழாய், கண்ணாடி, சிவப்பாக எழுதியிருக்கும் எதுவும்.
சந்தேகம் இருந்தால்: எலுமிச்சையோடு நிறுத்தவும்.

மாலை மு. போன். "நாளைக்கு எங்களக் கூட்டிப் போக வண்டி காலியாத்தானே வருது? மொதல்ல நீ அதுல ஏறி வா. அப்புறம் எம்பொண்ண ஏத்துறேன்."

ஞாயிறு, 9
வெயில். மீனம்பாக்கம் வரை எங்கள் தெரு குமாரின் ஆட்டோ. "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி இப்டி கீது? மேல போய் கதவ கிதவ தொறந்துடாத."

பைலட்டுகளுக்கு நேர் பின்சீட். பெல்ட் போடத் தெரியவில்லை, துணை பைலட் போட்டுவிட்டார். ஓடியது, எழும்பியது. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே தெரிந்த உயர எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிக்கொண்டே இருந்தது. அழுதேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

கோவை, 11.10. மு. வெயிலில் நின்றிருந்தார், பக்கத்தில் மகள். படியில் இறங்கினேன். வணக்கம் சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏறும்மா" என்றார்.