கசெற்றின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

அன்பும் மரியாதையும் எந்நாளும் குறையாத அத்தானுக்கு,

வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். அதற்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். தடையால் நல்ல தாள் ஒன்றும் குடாநாட்டுக்குள் வருவதில்லை, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் கோடு தெரியத்தான் அச்சாகப்போகிறது. கோப்பாயில் ஒரு வாத்தியார் வெண்பா பாடித் தருகிறேன் என்றார். நான் மறித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது உண்மைதான். ஆனால் உங்களைப் பற்றி எழுத இந்த உரும்பிராயில் என்னை விட்டால் ஆள் யார்?

இருந்து எழுத முடியவில்லை, அத்தான். நாலு வரி எழுதினால் எழும்பி முற்றத்துக்குப் போய்ச் சைக்கிளைப் பார்த்துவிட்டு வருகிறேன். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் எழும்புகிறேன். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று எழும்புகிறேன். நீங்கள் இருந்தால், "மச்சான், ஒரு இடத்திலை இரடா" என்பீர்கள். ஒரு வருடமாக என் உடம்பு இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் இருந்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்தானே? நீங்கள் கேட்டதை நேற்றுவரைக்கும் நான் செய்து முடிக்கவில்லை.

இதை வாசிக்கிற சனத்துக்காக உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற வேலை செய்தவர். மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கினால் சென்ற் போத்தலும் மணிக்கூடும் வாங்குவார்கள். நீங்கள் இசைத்தட்டு வாங்குவீர்கள். கோயிலில் பாடிப் பழகிய கறுப்புப் பெண்கள் காதலுக்காக அழுகிற பாட்டு, கிழவர்கள் கிற்றாரோடு தனியே புறுபுறுக்கிற பாட்டு, தொப்பி போட்ட மாட்டுக்காரர் பாடுகிற நாட்டுப்புறத்துப் பாட்டு. கடைசியில் சொன்னவர்களை நான் ஊரில் "அந்த நாட்டு வெங்காயச் செய்கைக்காரர்" என்று விளங்கப்படுத்தினேன். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள் நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். உங்களுக்குப் பிடித்த தட்டுகள் எல்லாவற்றிலும், பாடுகிற ஆள் வேறாக இருந்தாலும், பின்னட்டையின் அடியில் அரிசியளவு எழுத்தில் ஒரே பெயர். தயாரிப்பாளர். அதற்குப் பிறகு நீங்கள் தட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை, திருப்பி முதுகைத்தான் பார்ப்பீர்கள். "உவன் பாடுறதுமில்லை, வாசிக்கிறதுமில்லை. கண்ணாடிக்கு அங்காலை நிண்டு, ஆர் எப்ப பேசாமல் இருக்கவேணும் எண்டு சொல்லுறவன்" என்பீர்கள். அந்த ஆளோடு நீங்கள் ஒரு துறைமுகத்தில் தேநீர் குடித்தீர்கள் என்று சுன்னாகம் சந்தையில் சொன்னது நான்தான். இப்போது அது ஊரில் உண்மை. அவர் உங்களுக்கு அன்பளித்த தொப்பியைப் பார்த்தவர்கள்கூட இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீட்டை விட்டு ஓடி வந்தபோது நீங்கள் அந்தத் தட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அக்காவின் தையல் மிசின் அங்கேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பாட்டுகளைக் கண்ணில் காட்ட முடியாது. சனிக்கிழமைகளில் நீங்கள் தட்டைப் போட்டால் குசினிக்குள் இருந்து குரல் வரும்: "நான் உளுந்து அரைக்கிற நேரம் பாத்துத்தான் உந்தக் கறுமத்தையும் போடோணுமே? மிசினை விட்டிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மனுசன்!" நீங்கள் சிரித்துக்கொண்டு, "இஞ்சரும், பாட்டோடை சேத்து அரையும், மா நல்லாப் பொங்கும்" என்று சொல்வீர்கள்.

மின்சாரம் அறுந்துபோவதற்கு முந்திய வருடம் நாங்கள் அந்தக் கசெற்றைச் செய்தோம். பல தட்டுகளில் இருந்தும் அந்த ஆளின் கைவண்ணம் மட்டும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நீங்கள் கிழமைக்கணக்காக யோசித்தீர்கள். தட்டிலிருந்து கசெற்றுக்குப் பதிய வயர் பொருந்தவில்லை. ரேப் ரெக்கோடரை ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்து நேரே பிடிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. வெளிநாட்டில் பெரிய இடங்களில் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம், என்னிடம் கேட்காமலே. வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று சொன்னீர்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு உங்களுக்கு உயிர். அந்தப் பெண் மெல்ல மெல்ல ஏறி வந்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிற்பாள். மேளம் நிற்கும், கிற்றார் நிற்கும். ஒன்றும் இராது. பிறகுதான் அந்தச் சொல் வரும். "உந்த நிப்புத்தான் மச்சான் அவன்ரை வேலை. நடையைக் கூட்டினாலோ குறைச்சாலோ உது செத்துப்போகும்."

நோய் முற்றிக் கட்டிலோடு கிடந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். "கடைசிப் பாட்டைக் கொக்காவுக்குப் போட்டுக் காட்டு. நடை பிசகக்கூடாது." தட்டையே போடுவோம், ஒரு ஜெனரேற்றர் பிடித்து வருகிறேன் என்று நான் சொன்னேன். நான் சொன்னால் பிடித்து வந்திருப்பேன், அது வேறு. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "தட்டு வேண்டாம். கரண்ட் வந்தாலும் வேண்டாம். கசெற்."

கசெற் என்றால் இரைச்சல், கசெற் என்றால் பழுது என்று எத்தனை பேரோடு சண்டை பிடித்த மனிதர்! ஏன் கசெற்? யார் வெறுத்தாலும் பரவாயில்லை என்று கேட்ட பாட்டை, ஏன் அக்காவுக்குப் போடச் சொன்னீர்கள்? பற்றரி தேடிச் சுன்னாகம் போய் நான் வெறுங்கையோடு திரும்பியபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். கேள்வியை யாரிடம் கேட்பது?

பற்றரிக்குத் தடை என்பது உங்களுக்குத் தெரியும். பழைய பற்றரிகளைக் கூரையில் வெயிலில் காயவைத்தேன். ஒரு வரி பாடிவிட்டு அந்தப் பெண் மயங்கி விழுந்துவிட்டாள். பிறகுதான் சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு, இடையில் வைக்கவேண்டிய சாமானை ஒரு செத்த ரேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்துப் பொருத்தி, பெடலைக் கையால் சுற்றினால் கசெற் ஓடும். இந்தக் குடாநாட்டில் இதை முதலில் கண்டுபிடித்தவன் நான். மற்றவர்களும் அதே கிழமையில் கண்டுபிடித்தார்கள், அதற்கு நான் என்ன செய்வது?

உங்கள் அந்தியேட்டியன்று, முப்பத்தோராம் நாள், சாப்பாடு முடிந்து சனம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்தேன். அக்காவையும் கூப்பிட்டு வைத்தேன். சுற்றினேன். பாட்டு இழுபட்டு இழுபட்டு வந்தது.

உங்கள் மாமன் முறையான கந்தையா அம்மான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னடா தம்பி, மாடு கண்டு போடுதோ?" என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினேன். குரல் கீச்சிட்டது.

"ஓம், இப்ப கண்டும் கத்துது!"

முற்றமே சிரித்தது. உங்கள் அந்தியேட்டியில், அத்தான். அக்கா எழும்பி உள்ளே போய்விட்டாள். சனம் போன பிறகு, "உந்தக் கதை இனி இந்த வீட்டிலை வேண்டாம்" என்றாள். அந்த நிற்பு எங்கே வந்தது, எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் விட்டேனா? அக்கா சந்தைக்குப் போகிற நேரம் பார்த்துச் சுற்றினேன். கசெற் ஒரு தரம் நாடாவை மென்று விழுங்கியது. பென்சில் போட்டுச் சுருட்டி எடுத்தேன். வேகம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். திவசமும் கிட்டிவிட்டது. இன்னொரு முறை அந்தப் பெண்ணைச் சனத்துக்கு முன்னால் மாடாக்குவதா?

நேற்றுப் பின்னேரம் அக்கா இல்லை என்று நினைத்துச் சைக்கிளைக் கவிழ்த்தேன். உங்கள் மகள் வசந்தி படியில் இருந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு உங்கள் வாய்தான்.

"மாமா, பாட்டுப் போடுறியளோ, துலாவிலை தண்ணி இறைக்கிறியளோ?"

"பிள்ளை, உன்ரை மாமன் நல்லூருக்கு ஒரே மிதியிலை போறவன்."

"அதுதான் அந்த மனுசி மூச்சு வாங்குது."

அப்போது குசினி வாசலில் அக்கா நின்றாள். எந்த நேரம் வந்தாளோ தெரியாது. இனி ஏச்சும் பேச்சும்தான் என்று நான் தலையைக் குனிந்தேன்.

"டேய். அந்தாளின்ரை பாட்டை ஏன்ரா இப்பிடிக் கொல்லுறாய்?"

நான் பெடலை விட்டேன்.

"தள்ளு."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள். நான் நாடாவைப் பாட்டின் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டேன். பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். முதல் வரி கொஞ்சம் இழுபட்டது. "ம்கூம்" என்று தனக்குத்தானே சொன்னாள். கை கொஞ்சம் கூடியது. "இப்ப சரி."

சரியாகத்தான் இருந்தது, அத்தான். கூடவுமில்லை, குறையவுமில்லை. சனிக்கிழமையாகவே இருந்தது. அவள் சில்லைப் பார்க்கவில்லை, ரேப் ரெக்கோடரைப் பார்க்கவில்லை, முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றினாள். வலக்கை சுற்ற, இடக்கை இடைக்கிடை தன்பாட்டில் முன்னுக்குப் போய் வந்தது. என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு விளங்கியது: ஆட்டுக்கல்லில் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுகிற கை.

பாட்டு ஏறி ஏறி அந்த இடத்துக்கு வந்தது. மேளம் நின்றது. கிற்றார் நின்றது. அந்தப் பெண் நின்றாள். ஒன்றும் இராத அந்த இடத்தில், கல்லோடு கல் ஈரமாக உரசுகிற சத்தம், ஒரே ஒரு சுற்று. பிறகு அந்தச் சொல் வந்தது.

வசந்தி சுளகை வைத்துவிட்டாள். "அம்மா! உது எங்கடை ஆட்டுக்கல்!"

அக்கா சுற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது. நீங்கள் தட்டிலிருந்து ஊசியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. கசெற்றை நிறுத்துகிற சத்தம் மட்டும் வரவில்லை. நாடா முடியுமட்டும் கல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மறந்துபோய் விட்டீர்களா? கப்பல் இயந்திரத்தில் ஒரு துளி எண்ணெய் கூடினாலும் தெரிகிற ஆள், மறப்பீர்களா?

நாடா டக்கென்று நின்ற பிறகும் அக்கா பெடலில் வைத்த கையை எடுக்கவில்லை.

"விசர் மனுசன்," என்றாள். "மிசினை விட்டிட்டு வந்தவர். கல்லைப் பிடிச்சு உதுக்குள்ளை வைச்சிருக்கிறார்."

பிறகு பலகைக்கட்டையைக் கிட்ட இழுத்து, "திருப்பிப் போடு" என்றாள்.

வருகிற கிழமை சனத்துக்கு முன்னால் இதைப் போடப்போவதில்லை, அத்தான். கந்தையா அம்மானுக்கு நல்ல பாட்டுக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒன்று மட்டும் இந்தக் கொப்பித் தாளில் அச்சில் எழுதித் தருகிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும், எந்த ஊருக்கு ஓட வேண்டி வந்தாலும், அக்காவும் அந்தக் கசெற்றும் அந்தச் சைக்கிளும் ஒன்றாகத்தான் போகும். பெட்டியை நான் தூக்குவேன். நாளைக்கே இந்தக் குடாநாடு முழுக்க வெளிச்சம் வந்தாலும், அந்தப் பாட்டைக் கரண்டில் போட விடமாட்டேன். அக்காவின் கையால்தான் ஓடும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவிக்கு ஒரே தம்பி, உங்கள் பிள்ளைக்கு ஒரே மாமன்,
உங்களுக்கு என்றைக்கும் ஓரிடத்தில் இராத மச்சான்
சின்னராசா