படலையில் முடிந்த படம்

நேற்றுப் பின்னேரம் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முழுதாக. தேநீர் ஆறிப்போனதும் தெரியாமல் கடைசிவரை இருந்து பார்த்தேன். பார்த்து முடித்த ஆத்திரத்தில்தான் உமக்கு இதை எழுதுகிறேன்.

வட்டுக்கோட்டைப் பக்கம் கரண்ட் என்ற சொல்லையே நாங்கள் மறந்திருந்த சண்டைக் காலம் அது. உங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஜெனரேற்றர் பூட்டிப் படம் காட்டினார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்தால் குடும்பத்தோடு பார்க்கலாம். பட்டப்பகலில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, வியர்த்து வழிய நாற்பது பேர் இருந்தோம். அடிபாடு, பாட்டு, அழுகை எல்லாம் ஓய்ந்து, காணாமற்போன மகனுக்காகத் தாய் வீட்டு வாசற்படலைக்கு வந்து தெருவைப் பார்த்தாள். உடனே திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"முடிவைக் காணேல்லை!" என்று சனம் கத்தியது.

"உதுதான் முடிவு," என்றீர் நீர்.

நீர் சொல்ல நான் எழுதி, வாசிகசாலைப் பலகையில் கிழமைதோறும் விமர்சனம் ஒட்டுவோமே. ஒரு படத்தையும் நீர் சும்மா விட்டதில்லை. ஊரே கொண்டாடிய கதாநாயகனை, "அடிக்கத் தெரியும், கவலைப்படத் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்தீர். பழைய பக்திப் படமொன்றுக்கு, "சாமி வந்ததும் கதை படுத்திட்டுது" என்று எழுதச் சொன்னீர். இந்தப் படலைப் படத்தைத்தான் முதன்முதலாகப் புகழ்ந்தீர். மகனைத் திரும்பக் கொண்டுவராத துணிவு வேறெந்தப் படத்துக்கும் வரவில்லை என்றீர். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். உம்முடைய தம்பி சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்த் திரும்பாமல் எட்டு மாதம். உம்முடைய அம்மாவும் தினமும் படலையில்தான் நின்றார்.

மூன்றாம் நாள், அந்தப் படக் கசெற்றைக் கொடுத்த கடைக்காரர் வந்து பலகையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளையள், கொப்பி அடிக்கேக்கை கசெற்றிலை ரேப் பத்தாமப் போச்சு. இன்னும் இருபது நிமிசம் இருக்கு!"

ஊர் சிரித்தது. வாசிகசாலைச் செயலாளர் தாளைக் கழற்றி, மன்னிப்பும் எழுதி ஒட்டச் சொன்னார். நான் கழற்றினேன். ஓம், நான்தான். நீர் வந்து என் கையிலிருந்து பறித்து, அவர் முன்னாலேயே திரும்ப ஒட்டினீர்.

"கண்டதைத்தான் எழுதினனான், ஐயா. மிச்சத்திலை மகன் வந்து சிரிச்சுக்கொண்டு நிண்டா, அதுதான் பிழை. நான் கழற்றமாட்டன்."

இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை நீர். அடுத்த வருடம் நெருப்புக்காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. தம்பி வரவேயில்லை.

நேற்று அந்த இருபது நிமிடத்தையும் பார்த்தேன். மகன் தலைகூடக் கலையாமல் காரில் வந்து இறங்குகிறான். பக்கத்தில் மணப்பெண். எங்கேயடா இருந்தாய் என்று தாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகிடிக்காரன் ஒருவன் சேற்றில் விழ, எல்லாரும் சிரிக்க, வணக்கம். சீ! இதற்கா உம்மை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்?

"நல்ல முடிவு, என்னம்மா?" என்றாள் என் மகள்.

"படம் அந்தப் படலையிலையே முடிஞ்சுது, பிள்ளை. மிச்சம் பொய்," என்றேன்.

உம்முடைய விமர்சனம் எனக்கு இன்னும் வரிக்கு வரி மனப்பாடம். அன்று கழற்றிய அதே கையால் இன்று காலை அதை முழுதாக எழுதினேன். கீழே உம்முடைய பெயரைப் போட்டேன். வாசிகசாலைக்குக் கொண்டுபோய் நடுப்பலகையில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி எவர் கழற்றுகிறார் என்று பார்ப்போம்.